முப்பத்தாறாம் எண்

சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்தொன்று.
பூட்ஸில் ஒட்டிவந்த பனி
வாசல் பாயில் உருகி முடிக்குமுன்
டரெல் ஹோவ்லெட்டின் கடைவாய்ப்பல்
இரண்டு துண்டாக என் தட்டில் கிடக்கிறது.

வேர்கள் இருந்த இடத்தில் இரண்டு அறைகள்.
கன்னத்துப் பக்கச் சுவர் பல்லோடு வந்துவிட்டது.
அதனால்தான் இந்தப் பேச்சு,
பாதி உதடு மரத்துப்போன ஒருவரிடம்.

டாக்டர் கோவல்ச்சுக் இழுப்பறையைத் திறக்கிறாள்.
வளையல் கடையில் பெட்டி பிரிப்பதுபோல
ஒவ்வொன்றாய் எடுத்து வைக்கிறாள்.

கொலாஜன் தக்கை:
பன்றியிலிருந்து வந்தது. நனைந்தால் பஞ்சு.
வாயை மூடும், இரண்டு வாரத்தில் கரையும்,
சுவர் கட்டித் தராது.

மாட்டெலும்பு:
சீசாவில் நொய்யரிசி மாதிரி.
கரைய அதற்கு அவசரமே இல்லை,
வருடங்கள் கழித்தும் எக்ஸ்ரேயில்
வெள்ளையாய் உட்கார்ந்திருக்கும்.
'எந்த ஊர் மாடு?'
என்கிறார், இருநூறு ஆங்கஸ் வளர்ப்பவர்.
ஆஸ்திரேலியா என்றதும்
கண்ணாலேயே மறுக்கிறார்.

சொந்த ரத்தம்:
கையில் எடுத்து, சுழலவிட்டு,
மஞ்சள் ஜவ்வாய்த் திருப்பித் தரலாம்.
ஈறு சீக்கிரம் ஆறும்.
எலும்புக்கு எவ்வளவு உதவும் என்பதில்
ஆராய்ச்சிக் கட்டுரைகள்
சம்பந்தி வீட்டார்போல, முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மேலே மூட டெஃப்லான் சவ்வு,
தோசைக்கல்லில் பூசும் அதே வகையறா.
நான்கு வாரத்தில் இடுக்கியால் உருவிவிடலாம்.
அல்லது அண்ணத்திலிருந்தே
வட்டமாய் ஒரு துண்டுச் சதை,
ஒரு குழியை மூட இன்னொரு குழி.

எனக்குத் தெரியும் இதெல்லாம்.
மதுரையில் பதினோரு வருடம் பல் பிடுங்கியிருக்கிறேன்.
'பஞ்சைக் கடிங்க, அரைமணி நேரம் துப்பாதீங்க,
அடுத்த ஆள்.'
அங்கே ரத்தம்தான் மூடி. பெரும்பாலும் போதுமாயிருந்தது.
போதாதவர்கள் திரும்பி வந்தார்களா,
வேறு டாக்டரிடம் போனார்களா,
கணக்கு இல்லை.
போன மாதத் தேர்வில் இதே கேள்வி வந்தது:
நான்கு விடை, ஒன்றுக்கு வட்டம்.
இங்கே என் வேலை குழாய் பிடிப்பது.
பிடித்திருக்கிறேன்.

கடைசியாக, மனித எலும்பு.
கொடையாகப் பெற்றது, உறைய வைத்து உலர்த்தியது.
மாட்டைவிடச் சீக்கிரம் கரைந்து
உங்கள் எலும்புக்கு இடம் விடும் என்கிறாள்.
நானூற்று எண்பது டாலர்,
காப்பீடு பாதிகூடத் தராது.

டரெல் பதில் சொல்லவில்லை.
குழிக்குள் ரத்தம் மெல்ல ஏறுகிறது,
நான் உறிஞ்சுகிறேன், ஏறுகிறது.

பிறகு, வாய் கோணியபடி:
'கர்ட் கையெழுத்துப் போட்டிருந்தான்.
என் தம்பி.
பதினோராம் நெடுஞ்சாலை, டேவிட்சன் தாண்டி, கறுப்புப் பனி.
கண் எடுத்தார்கள், தோல் எடுத்தார்கள்,
கால் எலும்பும் எடுத்ததாகக் கடிதம் வந்தது.'
சீசாவைப் பார்க்கிறார்.
'இது...'
'அப்படி வராது' என்கிறாள் டாக்டர்.
'இது வேறு நாட்டு வங்கி. பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.'
'தெரியும்' என்கிறார்.
கொஞ்சம் கழித்து,
'அவனையும் யாராவது
வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கியிருப்பார்கள்தானே.
அதையே போடுங்கள்.'

உப்புநீரில் குழைத்துக் கொடுத்தேன்.
ஈர மணல்போல் கரண்டியில் நின்றது.
அவள் அழுத்தி நிரப்பினாள், சவ்வு வைத்தாள்,
குறுக்காக இரண்டு தையல்.
நான் நூல் வெட்டினேன்.
ஸ்ட்ரா வேண்டாம், சிகரெட் வேண்டாம்,
இன்று மாடுகளை வேறு யாராவது பார்க்கட்டும் என்றேன்.
சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியோடு நின்றது.

சீசாவோடு மூன்று ஒட்டுச்சீட்டுகள் வரும்.
ஒன்று அவர் கோப்புக்கு,
ஒன்று எங்கள் பதிவேட்டுக்கு.
மூன்றாவது, ஒன்பது இலக்க எண்,
கையுறையைக் கழற்றும்போது பார்த்தேன்,
என் பெருவிரலில் ஒட்டியிருக்கிறது.
குப்பைத்தொட்டியின் மிதியை அழுத்திவிட்டேன்,
மூடி திறந்திருக்கிறது,
காலை எடுக்கவில்லை.